அடுத்த தலைமுறை அட்டையும் ஒரு நல்கையின் கடைசி மார்ச்சும்

(நீண்ட பதிவு.)

எங்கள் துறையின் ஆய்வுக்கூடத்தில் 2019-ஆம் ஆண்டு வாங்கிய ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ வரைகலை அட்டை ஒன்று உள்ளது. அதன் நினைவகம் 11 ஜிகாபைட். ஆறு ஆய்வாளர்கள் அதனை முறைவைத்துப் பயன்படுத்துகிறோம். கதவில் ஒட்டியிருக்கும் தாளில் பெயரையும் நேரத்தையும் குறித்த பின்னரே கணினியின் முன் அமர வேண்டும். ஆய்வுத் திட்டம் தன் இறுதி ஆண்டில் இருக்கிறது. கருவிகள் என்னும் தலைப்பின் கீழ் இரண்டரை லட்சம் ரூபாய் எஞ்சியுள்ளது. மார்ச் 31-க்குள் செலவிடாவிட்டால் திரும்பிப் போய்விடும். புதிய தலைமுறையின் உச்ச அட்டையான ஆர்டிஎக்ஸ் 5090-ஐ வாங்கலாம் என்று ஒரு முன்மொழிவு வந்தது. அந்தக் கணினியோடு அதிக இரவுகளைக் கழித்தவன் என்ற முறையில், வாங்கலாமா வேண்டாமா என ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தருமாறு நெறியாளர் என்னிடம் கூறினார்.

ஒரு பக்கம் எழுத அமர்ந்தவன் இருபத்தைந்து ஆண்டு வரலாற்றுக்குள் சென்றுவிட்டேன். குறிப்பில் இடம்பெறாதவை இங்கே.

ஓர் அட்டையை வாங்குவது தகுமா என்ற கேள்விக்கு மதிப்புரைகள் தரும் விடை வேகத்தைப் பற்றியது: பழையது நொடிக்கு இத்தனை சட்டகங்கள், புதியது இத்தனை. வரலாற்று மாணவருக்கு இன்னொரு கேள்வி எழ வேண்டும். எந்தப் புதுத்திறனைக் காட்டி ஓர் அட்டை விற்கப்பட்டதோ, அத்திறன் மெய்யாகப் பயன்பாட்டுக்கு வந்த நாளில் மக்களின் கையில் எந்த அட்டை இருந்தது?

என்விடியா நிறுவனம் 1999 அக்டோபரில் ஜிஃபோர்ஸ் 256-ஐ வெளியிட்டது. முப்பரிமாண உருவங்களின் வடிவமாற்றக் கணக்கையும் ஒளியமைப்புக் கணக்கையும் மையச் செயலியிடமிருந்து அட்டையே எடுத்துக்கொள்ளும் என்பது அதன் விளம்பரம். ‘ஜிபியு’ என்ற பெயர் மக்களிடையே பரவியதும் அப்போதுதான். ஆனால் அத்திறனைக் கட்டாயமாகக் கோரும் விளையாட்டுகள் பெருகச் சில ஆண்டுகள் ஆயின. அதற்குள், 2000 ஏப்ரலிலேயே ஜிஃபோர்ஸ் 2 வந்துவிட்டது. முதல் அட்டையை முழுவிலை கொடுத்து வாங்கியவர் ஆறு மாதமே ‘புதிய தலைமுறைக்காரராக’ இருந்தார்.

அடுத்த நிகழ்ச்சி இன்னும் தெளிவானது. 2001 பிப்ரவரியில் டோக்கியோவில் நடந்த மேக்வேர்ல்டு கண்காட்சியில் ஜான் கார்மாக் மேடையேறி, நிரலிடக்கூடிய நிழலமைப்பிகளைக் கொண்ட ஜிஃபோர்ஸ் 3 அட்டையில் ‘டூம் 3’ விளையாட்டின் முன்னோட்டத்தைக் காட்டினார். கண்டவர்கள் வியந்தனர்; பலர் அந்த அட்டையை வாங்கினர். ‘டூம் 3’ விற்பனைக்கு வந்ததோ 2004 ஆகஸ்டில். இடையில் ஜிஃபோர்ஸ் 4, எஃப்எக்ஸ், 6 என மூன்று தலைமுறைகள் வந்திருந்தன. 2001-இல் அந்த விளையாட்டுக்காகவே பணம் கட்டியவர், அது வந்த நாளில் பழைய அட்டையோடுதான் நின்றார்.

மொழியியலாளனாக இங்கு ஓர் இடைக்குறிப்பு. 2002-இல் வந்த ஜிஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் அட்டைகளில், ஜிஃபோர்ஸ் 3-இல் இருந்த நிரலிடக்கூடிய படப்புள்ளி நிழலமைப்பி இல்லை. பெயரில் எண் ஏறியது, திறன் இறங்கியது. 2022-இலும் இதே கதை: ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில், நினைவக அளவு மட்டுமன்றிச் சில்லுமே வேறான இரண்டு அட்டைகள் அறிவிக்கப்பட்டன, எதிர்ப்பு வலுக்க, 12 ஜிகாபைட் அட்டையை நிறுவனமே திரும்பப் பெற்றது. குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இடையிலான உறவு தன்னிச்சையானது என்று முதுகலை முதற்பருவத்தில் படிக்கிறோம். இந்தச் சந்தையில் அது சற்று மிகையாகவே தன்னிச்சையானது.

இனி நம் துறைக்கு நெருக்கமான பகுதி. 2006 நவம்பரில் ஜிஃபோர்ஸ் 8800 உடன் கூடா என்னும் நிரலாக்க அமைப்பு அறிவிக்கப்பட்டது. நிரலாளர்களுக்கான கருவித்தொகுப்பு அடுத்த ஆண்டு கிடைத்தது. படம் வரைவதற்கென எழுந்த அட்டையில் பொதுக் கணக்கீடுகளையும் செய்யலாம் என்றானது. அதன் பெரும்பயன் வெளிப்பட்டது 2012-இல். டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கெவர், ஜெஃப்ரி ஹிண்டன் ஆகிய மூவரும் இமேஜ்நெட் போட்டியில் தம் நரம்பு வலையமைப்பின் பிழை விகிதத்தை 15.3 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தனர். இரண்டாம் இடம் பெற்ற குழுவின் விகிதம் 26.2. இன்றைய மொழி மாதிரிகளின் பின்னாலுள்ள அலை அங்கிருந்து எழுந்தது என்பது எல்லோரும் அறிந்ததே. அவர்கள் பயன்படுத்திய அட்டைகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவை இரண்டு ஜிடிஎக்ஸ் 580. அந்த வரிசை அறிமுகமானது 2010-இன் இறுதியில். அடுத்த தலைமுறையான ஜிடிஎக்ஸ் 680, போட்டிக்கு ஆறு மாதம் முன்னரே, 2012 மார்ச்சிலேயே சந்தைக்கு வந்துவிட்டது. புரட்சி நிகழ்ந்தது முந்தைய தலைமுறை அட்டையில்.

அந்தக் கட்டுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. வலையமைப்பை இரண்டாகப் பிளந்து இரண்டு அட்டைகளில் பகிர்ந்ததற்கு அவர்கள் கூறும் காரணம், ஓர் அட்டையின் 3 ஜிகாபைட் நினைவகம் போதவில்லை என்பது. பயிற்சிக்கு ஐந்தாறு நாட்கள் ஆயின, அதைப் பொறுத்துக்கொண்டார்கள். நினைவகப் போதாமையைப் பொறுத்துக்கொள்ள வழியில்லை. அதற்காக வலையமைப்பின் வடிவத்தையே மாற்ற வேண்டியிருந்தது. மெதுவான அட்டை காத்திருக்கச் செய்யும். நினைவகம் குறைந்த அட்டையோ தொடங்கவே விடாது. இந்த வேறுபாட்டை உணராமல் ‘மேம்படுத்தலாமா’ என்று கேட்பதில் பொருளில்லை என்பது என் கருத்து.

இந்த அளவுகோலை வைத்துப் பிந்தைய தலைமுறைகளைப் பார்த்தால் வரலாறு வேறு முகம் காட்டும். 2017 மார்ச்சில் வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ-இன் அறிமுக விலை 699 டாலர், நினைவகம் 11 ஜிகாபைட். 2018 செப்டம்பரில் வந்த ஆர்டிஎக்ஸ் 2080-இன் அறிவிக்கப்பட்ட தொடக்க விலையும் 699 டாலர். நினைவகமோ 8 ஜிகாபைட். வழக்கமான விளையாட்டுகளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம். ஒளிக்கதிர்த் தடமறிதல் என்னும் புதுத்திறனுக்காகத்தான் அதை வாங்க வேண்டும். விற்பனை தொடங்கிய நாளில் அத்திறனைப் பயன்படுத்தும் விளையாட்டு ஒன்றுகூட இல்லை. முதலாவதாக ‘பேட்டில்ஃபீல்டு 5’ நவம்பரில்தான் அதைப் பெற்றது. பின்னர் 2021-இன் ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 12 ஜிகாபைட். 2023-இல் அதன் வாரிசாக வந்த 4060-க்கு 8. இரண்டு 3090 அட்டைகளை ஒரு பாலத்தால் இணைக்க முடியும்; 4090-இல் அந்த இணைப்பே நீக்கப்பட்டது. பொதுச் சந்தை அட்டைகளின் நினைவக உச்சம் 2018 இறுதியில் வந்த டைட்டன் ஆர்டிஎக்ஸ் முதல் 2022-இன் 4090 வரை 24 ஜிகாபைட்டிலேயே நின்றது. 2025 ஜனவரியில் 5090 வந்தபோதுதான் 32 ஆயிற்று. அதே காலத்தில் தரவு மையங்களுக்கான அட்டைகள் 80 ஜிகாபைட்டைத் தொட்டுவிட்டன. நினைவகத்தைக் கூட்டத் தெரியாமல் இல்லை. மலிவான அட்டையில் அதைக் கூட்டினால் விலையுயர்ந்த அட்டையை யார் வாங்குவார்?

ஆயினும் நேர்மையாகச் சொல்ல வேண்டிய மறுபக்கம் உண்டு. 2018-இன் அந்த டூரிங் தலைமுறையில்தான் டென்சர் கருக்கள் ஜிஃபோர்ஸ் வரிசைக்கு முதன்முறை வந்தன. விளையாடுவோர் முணுமுணுத்த அதே அட்டை, அரைத்துல்லியக் கணக்கீட்டால் எங்களைப் போன்ற ஆய்வுக்கூடங்களுக்குப் பெருந்துணையாயிற்று. எங்கள் 2080 டிஐ இன்றும் உழைக்கக் காரணம் அதுவே. அடுத்து 2020-இல் வந்த ஆம்பியர் தலைமுறை பிஎஃப்16 என்னும் எண்வடிவத்தைக் கொண்டுவந்தது. அது இல்லாத எங்கள் அட்டையில் சில பெரிய மாதிரிகளைப் பயிற்றும்போது இழப்பு மதிப்பு திடீரென எண்ணற்றதாகிப் பயிற்சி குலைவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஃபிளாஷ் அட்டென்ஷனின் இரண்டாம் பதிப்பும் ஆம்பியரிலிருந்தே தொடங்குகிறது. ஆக, சில தலைமுறை மாற்றங்கள் வேகத்தைக் கூட்டுபவை மட்டுமல்ல, கதவைத் திறப்பவை. எது கதவு, எது வெறும் வண்ணப்பூச்சு என்பது வெளியீட்டு நாளில் தெரியாது. இரண்டாண்டு கழித்துத் தெரியும். பொறுத்திருப்பவருக்கு இந்த அறிவு இலவசம்.

முந்திக்கொள்பவர் கொடுக்கும் விலை பணம் மட்டுமல்ல. 5090 விற்பனைக்கு வந்தது 2025 ஜனவரி இறுதியில். அந்தக் கட்டமைப்பை ஆதரிக்கும் பைடார்ச் நிலைப்பதிப்பு, அதாவது 2.7, வந்தது ஏப்ரல் இறுதியில். இடைப்பட்ட மூன்று மாதம், முதல் வாரத்திலேயே அட்டையை வாங்கிய ஆய்வாளர் சோதனைப் பதிப்புகளோடு போராட வேண்டியிருந்தது. மறுமுனையிலும் ஓர் எல்லை உண்டு. 2025-இல் வெளியான கூடா 13, மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா ஆகிய தலைமுறைகளைக் கைவிட்டது. 2016-இல் பிறந்த பாஸ்கலுக்கு ஒன்பது ஆண்டு ஆயுள். அட்டைகள் பெரும்பாலும் எரிந்து சாவதில்லை. மென்பொருள் அவற்றைக் கைவிடும்போது சாகின்றன. எங்கள் டூரிங் அட்டை இப்போது அந்த வரிசையின் கடைசிப் படியில் நிற்கிறது. என் குறிப்பில் மாற்றத்துக்கு ஆதரவாக நான் எழுதிய வலுவான வரி இதுவே.

இதற்கிடையே காசின்றிக் கிடைத்த மேம்பாடுகளும் உள்ளன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டிம் டெட்மர்ஸும் அவருடைய சகாக்களும் 2023-இல் வெளியிட்ட கியூலோரா முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 6,500 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரி ஒன்றை வழக்கமான 16 பிட் முறையில் நுண்செப்பம் செய்ய 780 ஜிகாபைட்டுக்கு மேல் நினைவகம் தேவைப்பட்டது. அதனை 48 ஜிகாபைட் கொண்ட ஒரே அட்டையில் செய்யலாம் என அவர்கள் காட்டினர். ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு. அதே ஆண்டுகளில் கடையில் கிடைத்த உச்ச அட்டையின் நினைவகம் 24-இலிருந்து 32 ஆகியிருக்கிறது. எந்த மேம்பாடு பெரிது என்று சொல்லத் தேவையில்லை.

மொழியியல் துறையினர் கவனிக்க வேண்டிய இன்னொன்று, எழுத்து. யுனிகோடின் யுடிஎஃப்-8 குறிமுறையில் ‘தமிழ்’ என்ற சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிப்புள்ளிகள்; ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள்; ஆகமொத்தம் 15. அதே சொல்லை ரோமன் எழுத்தில் எழுதினால் 5. தெலுங்குக்கும் தேவநாகரிக்கும் இதே நிலைதான். பைட்டுகளை அடிப்படையாகக் கொண்டு, பெரிதும் ஆங்கிலத் தரவில் உருவாக்கப்பட்ட டோக்கன் பிரிப்பி நம் சொற்களைப் பல துண்டுகளாக நொறுக்கிவிடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் கவனக் கணக்கு தொடரின் நீளத்துக்கு இருபடியாக வளர்வது. தொடர் மும்மடங்கு நீண்டால் அந்தக் கணக்கு ஒன்பது மடங்கு. அடுத்த தலைமுறை அட்டையின் வேகத்தில் பெரும்பகுதியை நம் எழுத்தே தின்றுவிடும். உருபனியல் தெரிந்த ஒருவர் நம் மொழிகளுக்கெனப் பிரிப்பியை ஒழுங்காக உருவாக்கினால் இந்தச் சுமையில் கணிசமான பங்கு குறையும். அதற்குத் தேவை ஒரு நல்ல சொற்பட்டியலும் சில மாத உழைப்பும். விலைப்பட்டியலில் அது இல்லாததால் எந்தக் கூட்டத்திலும் அது விவாதத்துக்கு வருவதில்லை.

என் சொந்தக் கணக்கு இது. நான் ஆய்வு செய்வது கொலாமி மொழி. ஆதிலாபாத் பகுதியிலும் அதை அடுத்த மகாராஷ்டிர மாவட்டங்களிலும் பேசப்படும் நடுத் திராவிட மொழி. 2011 கணக்கெடுப்பின்படி பேசுவோர் 1.25 லட்சத்துக்குச் சற்று மேல். எமனோவின் கொலாமி நூல் 1955-இல் வந்தது. இன்றும் நாங்கள் அதைத்தான் முதலில் புரட்டுகிறோம். பேச்சை எழுத்தாக்கும் ஒரு மாதிரியை அம்மொழிக்குப் பயிற்றுவது என் ஆய்வேட்டின் ஓர் இயல். 128 மொழிகளில் முன்பயிற்சி பெற்ற எக்ஸ்எல்எஸ்-ஆர் மாதிரியின் சிறிய வடிவம், 30 கோடி அளவுருக்கள் கொண்டது, எங்கள் பழைய அட்டையில் நெருக்கியடித்து அடங்குகிறது. ஒரு சுற்றுப் பயிற்சிக்கு ஓர் இரவு. அதற்கு ஊட்டும் 9 மணி நேர ஒலிப்பதிவைச் சேகரித்து, ஊராரோடு அமர்ந்து கேட்டுக் கேட்டு எழுதி முடிக்க எனக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. ஒரு மணி நேரப் பேச்சை எழுத 40 மணி நேரத்துக்குக் குறைந்ததில்லை. 5090 வந்தால் அந்த ஓர் இரவு இரண்டு மணி நேரமாகலாம். ஒன்றரை ஆண்டு ஒன்றரை ஆண்டாகவே இருக்கும்.

ஆகவே ‘வேண்டவே வேண்டாம்’ என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். அதைத் தடுத்தவர் பக்கத்து மேசைத் தோழி. தமிழ்–தெலுங்கு மொழிபெயர்ப்பில் அவருடைய ஆய்வு. அவருக்கு 11 ஜிகாபைட் என்பது சுவர். வாடகைக்கு எடுக்கலாமே என்றேன். இந்தியாஏஐ திட்டத்தில் மானியத்துக்குப் பின் மணிக்குச் சராசரியாக 100 ரூபாய்க்கும் குறைவு என 2025 ஜனவரியில் அரசு அறிவித்ததைச் சுட்டி, 2 லட்சம் ரூபாய்க்கு 2,000 மணி நேரம் கிடைக்கும் என்று கணக்கும் போட்டுக் காட்டினேன். “கணக்கு சரிதான். ஆனால் மீட்டர் ஓடும்போது நான் தப்பு செய்ய மாட்டேன், தெரிந்ததை மட்டும்தான் ஓட்டிப் பார்ப்பேன். நம்ம அட்டையில் இருபது தடவை தப்பாக ஓட்டியதால்தான் இருபத்தோராவது தடவை எனக்கு ஏதாவது புரிந்தது” என்றார். இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. தவிர, வாடகை தொடர்செலவுத் தலைப்பில் வரும்; எஞ்சியிருப்பதோ கருவித் தலைப்பில். தலைப்பு மாற்றத்துக்கு விண்ணப்பித்து ஒப்புதல் வருவதற்குள் மார்ச் போய்விடும். பழைய 3090 ஒன்றை மலிவாக வாங்கலாம் என்றால், பயன்படுத்திய பொருளை வாங்க எங்கள் கொள்முதல் விதிகள் இடம்தருவதில்லை.

மின்சாரக் கணக்கையும் விட்டுவிடக் கூடாது. எங்கள் அட்டை ஏறக்குறைய 250 வாட் இழுப்பது. 5090 இழுப்பது 575 வாட். அதற்கு 1,000 வாட் மின்வழங்கியைப் பரிந்துரைக்கிறார்கள். எங்கள் கணினியின் மின்வழங்கி 750 வாட். யுபிஎஸ்ஸைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. மே மாதத்தில் அது படும் பாட்டைத் துறையில் அனைவரும் அறிவர். அட்டையின் விலை மட்டுமே இந்தியச் சந்தையில் 2 லட்சத்தைத் தாண்டுகிறது. பெட்டியைத் திறந்தபின் செலவிடப் பணம் மிஞ்சாது.

இறுதியில் குறிப்பில் எழுதியது இது. அட்டையை மாற்றுவோம், ஆனால் உச்ச அட்டை வேண்டாம். அதே புதிய தலைமுறையில் 16 ஜிகாபைட் நினைவகமுள்ள ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ இருக்கிறது. அறிமுக விலை 429 டாலர். 5090-இன் 1,999 டாலரோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியது. 180 வாட், இருக்கும் மின்வழங்கியே போதும். பிஎஃப்16 உண்டு, மென்பொருள் ஆதரவு இன்னும் பல ஆண்டுகளுக்குத் தொடரும். வேகத்தில் உச்ச அட்டையின் அருகில்கூட வராது. அதனால் எங்கள் ஆறு பேரில் யாருடைய ஆய்வும் நின்றுவிடாது. பழைய அட்டையைக் கழற்ற வேண்டாம். இரண்டாவது கணினியில் பொருத்தினால் கதவில் இரண்டு தாள்கள் ஒட்டலாம். மீதிப் பணத்தில் களப்பணிக்கு இரண்டு ஒலிப்பதிவுக் கருவிகள், தலையில் அணியும் ஒலிவாங்கிகள், காப்புப்படிக்கு வன்தட்டுகள். இவையும் கருவிகள்தாம், தலைப்பு மாற்றம் தேவையில்லை.

தோழிக்கு இதில் முழுநிறைவு இல்லை. 16 என்பது 32-இல் பாதிதானே என்கிறார்; அவர் சொல்வது சரி. அவருடைய பெரிய பயிற்சிகளுக்கு மட்டும் வாடகைக் கணினி நேரம் கேட்டுத் தனி விண்ணப்பம் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். கொள்முதல் குழுவின் கூட்டம் வரும் வியாழக்கிழமை. அதற்குமுன் மூன்று விலைப்புள்ளிகள் வாங்க வேண்டும்; இரண்டு வந்துவிட்டன.